வசந்தத்துக்கு ஒத்திவைத்த ஆட்டம்

2020 ஆகஸ்ட் 11ஆம் நாள், அமெரிக்காவின் பிக் டென் என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நடைபெற வேண்டிய விளையாட்டுகள் யாவும் ஒத்திவைக்கப்படுகின்றன. அவற்றை வசந்த காலத்தில் நடத்த இயலுமா என்பது ஆராயப்படும் என்பது அதன் சாரம். அதே நாளில் மேற்குக் கரையின் பேக்-12 கூட்டமைப்பும் ஆண்டு முடியும்வரை ஆட்டம் இல்லை என்றது. கொரோனாத் தொற்று பரவிக்கொண்டிருந்த காலமாதலால் அறிவிப்புக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. என்னை உறுத்தியது அதிலிருந்த ‘வசந்தம்’ என்ற சொல். கல்லூரிக் கால்பந்துப் பருவத்தை வசந்தத்துக்கு நகர்த்துவது அறிவுக்கு ஒத்த செயல்தானா என்று அன்று பெரிய வாதம் எழுந்தது. அந்த வாதத்திற்கு, அதன்பின் நிகழ்ந்தவை ஓரளவு விடை தந்திருக்கின்றன. அந்த விடையை யாரும் உட்கார்ந்து எழுதிவைத்ததாகத் தெரியவில்லையே என்ற குறையில்தான் இதை எழுதுகிறேன்.

கால்பந்து என்று இங்கே நான் குறிப்பது நாம் காலால் உதைத்து ஆடுகிற ஆட்டத்தை அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த பதினொருவர், எதிரே நிற்கும் பதினொருவரை மோதித் தள்ளி முன்னேறுகிற அமெரிக்க ஆட்டம் அது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதியதை அதன் தொடக்கமாகக் கொள்வது மரபு. (அன்று ஆடப்பட்டதற்கும் இன்றைய ஆட்டத்திற்கும் பெயரளவு உறவுதான்.) செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைதோறும் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். பிக் டென் கூட்டமைப்பு 2022இல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழு ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். ஆடுகிறவர்கள் பதினெட்டு முதல் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுவரையுள்ள மாணவர்கள். அன்றைய நிலையில் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கல்வி உதவித்தொகையே உண்டு.

ஒத்திவைத்தல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிலத்தை ஒத்திக்கு வைப்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. இது சொல்லாராய்ச்சி அன்று. ஒலி தூண்டும் நினைவு, அவ்வளவே. ஒத்திக்கு வைத்த வயல் உடையவன் பெயரில்தான் இருக்கும். கடன் தீரும்வரை விளைச்சலைக் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான். 2020இல் அந்தக் கூட்டமைப்புகள் ஒரு பருவத்தை ஒத்திவைத்தபோது, கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டது எது என்று பார்த்தால், அந்த மாணவர்களின் அடுத்த ஆண்டு உடம்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்தை ரத்து செய்திருக்கலாம். தக்க காப்போடு இலையுதிர் காலத்திலேயே ஆடியிருக்கலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. வசந்தத்துக்குத் தள்ளுவதற்கு மட்டும் நியாயம் இல்லை.

ஆகஸ்டு மாத முடிவை நான் குறை கூறவில்லை. தடுப்பூசி வந்திராத காலம் அது. தொற்றிலிருந்து மீண்ட சில இளம் வீரர்களின் இதயத் தசையில் அழற்சி தென்படக்கூடும் என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். பதினான்கு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடி 11க்கு 3 என்ற வாக்கில் முடிவெடுத்தார்கள். அயோவா, நெப்ராஸ்கா, ஓஹையோ ஸ்டேட் ஆகிய மூன்றும் மறுத்து வாக்களித்தன என்பதுகூட நெப்ராஸ்கா வீரர்கள் எண்மர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. ஐவி லீக் அதற்கும் ஒரு மாதம் முன்பே, ஜூலை 8ஆம் நாளே, இலையுதிர் கால ஆட்டங்கள் இல்லை என்று சொல்லிவிட்டது. வசந்தத்திலும் அவர்கள் கால்பந்து ஆடவில்லை. பழைய செல்வமும் பழைய பெருமையும் உள்ளவர்கள். ‘இல்லை’ என்று சொல்வது அவர்களுக்கு எளிது என்று சிலர் எள்ளினார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இல்லை என்பதை இல்லை என்றே சொன்னவர்கள் அவர்கள்தாம்.

வசந்தத் திட்டத்தை ஆதரித்தவர்கள் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தார்கள். பிப்ரவரி முதல் மே வரை கால்பந்து ஆட்டம் ஏதும் இல்லாமல் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. செப்டம்பரில் இருப்பதைத் தூக்கி அங்கே வைத்தால் ஆயிற்று! ஆட்டத்தை அரங்கிலிருந்து மட்டும் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆடுகிறவனுக்கு அந்தக் கட்டங்கள் வெறுமையானவை அல்ல. டிசம்பரிலோ ஜனவரியிலோ பருவம் முடிந்ததும், கிழிந்த தோள்மூட்டையும் முழங்காலையும் அறுவை செய்துகொள்வது அப்போதுதான். உதிர்ந்த எடையை மீண்டும் ஏற்றிக்கொள்வதும் அப்போதுதான். மார்ச், ஏப்ரலில் விதிப்படி பதினைந்து பயிற்சிகள் உண்டு. புதியவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதற்கு அவை. பிறகு கோடை. ஆகஸ்டில் முகாம். உழவன் நிலத்தைத் தரிசாகப் போடுவது சோம்பலினால் அன்று. அமெரிக்கக் கால்பந்துக்கு வசந்தம் தரிசுக்காலம்.

இதை ஊகத்தால் சொல்லவில்லை. வசந்தப் பருவம் உண்மையிலேயே ஒருமுறை நடந்தது. மேல்தட்டுக் கூட்டமைப்புகள் மனம் மாறி இலையுதிர் காலத்திலேயே ஆடிவிட்டபோது, அதற்கு அடுத்த தட்டு (எஃப்.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்) தன் தேசியச் சாம்பியன் போட்டியை 2021 வசந்தத்தில் நடத்தியது. அணிகளின் எண்ணிக்கையை 24லிருந்து 16ஆகக் குறைத்தார்கள். மே 16 அன்று டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் நடந்த இறுதியாட்டத்தில் சாம் ஹூஸ்டன் ஸ்டேட் அணி, சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 23-21 என்று கடைசி நிமிடத்தில் வென்றது. விறுவிறுப்பான ஆட்டம்தான். பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

அந்தச் சவுத் டகோட்டா ஸ்டேட் அணியின் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். வசந்தத்தில் 8 வெற்றி, 2 தோல்வி. ஆக 10 ஆட்டம். இறுதியாட்டம் முடிந்த 110ஆம் நாள், செப்டம்பர் 3 அன்று, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம். அதிலும் நன்றாக ஆடினார்கள், அரையிறுதிவரை போனார்கள், 11 வெற்றி, 4 தோல்வி. ஆக 15 ஆட்டம். பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையே ஒரே ஆண்டில் 25 ஆட்டங்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அதே 2021இல்தான் தன் பருவத்தை 16லிருந்து 17 ஆட்டங்களாக உயர்த்தியது. ஒரே ஓர் ஆட்டம் கூடியதற்கே வீரர்களின் சங்கம் பேரம் பேசி, வருவாயில் கூடுதல் பங்கு கேட்டு, நீண்ட விவாதத்துக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டது. அங்கே ஓர் அணி இறுதியாட்டம்வரை போனாலும் 21 ஆட்டங்களைத் தாண்டாது. கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் முப்பது வயது ஆண்கள் 21க்குள் நிற்க, தேர்வு எழுதவேண்டிய மாணவர்கள் 25 ஆடினார்கள். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, பேரமும் இல்லை.

2020இல் அவர்கள் ஆடவே இல்லையே, அதைக் கழித்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் உடம்பு முன்வைப்பு வைத்துக்கொள்ளும் வங்கி அன்று. சென்ற ஆண்டு உண்ணாத உணவை இந்த ஆண்டு சேர்த்து உண்ண முடியாது. சென்ற ஆண்டு வாங்காத அடியை இந்த ஆண்டு சேர்த்து வாங்குவதும் அப்படித்தான். இந்த ஆட்டத்தில் அடி என்பது உவமையும் அன்று. 2017இல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று, இறந்தபின் ஆய்வுக்கென மூளை அளிக்கப்பட்ட 202 ஆட்டக்காரர்களைப் பரிசோதித்தது. கல்லூரிவரை ஆடியவர்கள் 53 பேர். அவர்களில் 48 பேரிடம் தொடர் மோதல்களால் விளையும் மூளைச் சிதைவு காணப்பட்டது. ஏற்கெனவே ஐயம் கொண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தந்திருக்கும் என்பதால், அந்த விகிதத்தை எல்லா வீரர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் மோதல்களின் எண்ணிக்கையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவெடுக்க அந்த 48 போதும்.

மார்க் கிரனாவ்ஸ்கி என்ற இளைஞர் அந்த இறுதியாட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துபவர். முதலாண்டு மாணவர். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. இந்தக் காயம் ஆற ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும். டிசம்பரில் கிழிந்திருந்தால் அடுத்த செப்டம்பருக்குள் எழுந்து நின்றிருப்பார். மே மாதத்தில் கிழிந்ததால் அடுத்த பருவம் முழுவதும் போயிற்று. அவர் மீண்டு வந்ததும் அணிக்கு 2022, 2023 பருவங்களில் இரண்டு பட்டங்கள் வென்று தந்ததும் வேறு கதை, மகிழ்ச்சியான கதை. மீண்டு வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

பருவத்தை முடிக்கவே முடியாத அணிகளும் இருந்தன. இல்லினாய் ஸ்டேட் நான்கே ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டது. சட்டனூகா, ஆல்பனி ஆகியவையும் நடுவில் விலகின. இத்தகைய அணிகள் சொன்ன காரணங்களைத் தொகுத்தால் நோயைக் காட்டிலும் காயமும் ஆள் பற்றாக்குறையும் வரும் செப்டம்பரைப் பற்றிய அச்சமுமே மேலெழுகின்றன. வசந்தத்தின் ஆட்டத்தை ஆடிக்கொண்டே இலையுதிர் காலத்தைக் காக்க வேண்டியிருந்தது. இரண்டில் எது உண்மையான பருவம் என்று அந்தப் பயிற்சியாளர்களுக்கு ஐயமே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த வசந்தத்தில் நல்லதும் நடந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் ஓய்ந்திருந்த மாதங்களில் சிறிய கல்லூரிகள் மீது தொலைக்காட்சியின் வெளிச்சம் விழுந்தது. கறுப்பின மாணவர்களுக்காக வரலாற்றில் நிறுவப்பட்ட கல்லூரிகளுள் ஒன்றான ஜாக்சன் ஸ்டேட்டில், பழைய நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக முதல் ஆட்டத்தைத் தொடங்கியது 2021 பிப்ரவரியில்தான். வழக்கமான செப்டம்பரில் அந்த ஆட்டத்தை இவ்வளவு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு மேலும் ஒருமுறை சீருடை அணியும் வாய்ப்பு கிடைத்தது. இதையெல்லாம் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பதினைந்து ஆண்டு ஆடிய ஆட்டத்தை விடைபெறாமல் விட்டுப்போவது எத்தகைய துயரம் என்பதை அறியாமல் பேசுவது ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு அழகன்று.

ஆனால் அந்தத் துயரத்துக்கு மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ., 2020 ஆகஸ்டு மாதமே, இலையுதிர் கால விளையாட்டு வீரர்கள் அனைவருக்கும் ஆடும் தகுதியை ஓராண்டு நீட்டித்துவிட்டது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது. ஆகவே பருவம் ரத்தாகியிருந்தால் விரும்பிய மாணவர் அடுத்த ஆண்டு ஆடியிருக்கலாம். பருவம் ரத்தானால் திரும்பி வராதது தொலைக்காட்சிப் பணம் மட்டுமே. வசந்தம் யாருக்குத் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பணத்தை இழிவாகப் பேசவும் எனக்கு மனமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் நீச்சல், மல்யுத்தம், வாட்போர், படகோட்டம் போன்றவற்றைப் பெரும்பாலும் கால்பந்தின் வருவாயே தாங்குகிறது. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 2021 மே மாதம் அந்த முடிவைக் கைவிட்டது. கால்பந்து இல்லையேல் அந்தப் பதினொன்றைப் போல் எத்தனை போகுமோ என்ற அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். ‘எங்களுக்குப் பணம் வேண்டும், அதற்கு நீங்கள் ஓராண்டில் இரண்டு பருவம் ஆடவேண்டும், ஒப்புதலா’ என்று மாணவர்களைக் கேட்டிருக்கலாம். மாணவர் நலன் என்ற பெயரில் செப்டம்பரை மூடிவிட்டு, அதே நலனுக்கு மாறாக மார்ச்சைத் திறக்க முயன்றதுதான் எனக்கு ஒவ்வாதது.

பர்டூ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த ஜெஃப் பிராம் அன்று ஒரு விரிவான வசந்தத் திட்டத்தை வரைந்து வெளியிட்டார். வசந்தத்தில் 8 ஆட்டம், அடுத்த இலையுதிர் காலத்தைத் தாமதமாகத் தொடங்கி 10 ஆட்டம். கவசத்தோடு மோதும் பயிற்சிகளைக் குறைப்பது. நேர்மையான முயற்சி என்றே கருதுகிறேன். ஆனால் அதை ஊன்றிப் படித்தால், வசந்தத்தை உள்ளே நுழைப்பதற்காக அடுத்த பருவத்தை வெட்டவேண்டியிருப்பதும், பயிற்சியை வெட்டவேண்டியிருப்பதும் தெரியும். திட்டத்தின் நற்பண்பே திட்டத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

தலைசிறந்த வீரர்கள் வசந்தத்தில் ஆடவே மாட்டார்கள் என்பது இன்னொன்று. என்.எஃப்.எல். ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறது. 2021இல் அது ஏப்ரல் 29 அன்று தொடங்கியது. மார்ச்சில் ஆடி முழங்காலை முறித்துக்கொண்டு ஏப்ரலில் ஏலத்துக்கு நிற்க யார் துணிவார்கள்? பென் ஸ்டேட்டின் மைக்கா பார்சன்ஸ், எல்.எஸ்.யு.வின் ஜமார் சேஸ், ஆரிகனின் பெனே சூவல் மூவரும் 2020 இலையுதிர் காலத்தையே விட்டு விலகினார்கள். அடுத்த ஏப்ரலில் சேஸ் ஐந்தாவதாகவும் சூவல் ஏழாவதாகவும் பார்சன்ஸ் பன்னிரண்டாவதாகவும் தேர்வானார்கள். நார்த் டகோட்டா ஸ்டேட்டின் டிரே லான்ஸ் அக்டோபரில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு விலகி மூன்றாமிடத்தில் எடுக்கப்பட்டார்; அவர் அணி வசந்தப் பருவத்தை அவரில்லாமல் ஆடிக் காலிறுதியில் சாம் ஹூஸ்டனிடம் தோற்றது. வசந்த ஆட்டத்தில் மிஞ்சுகிறவர்கள் போக இடமில்லாதவர்கள். ஆபத்து முழுவதும் அவர்கள் தலையில்.

பொழுதைப் பற்றி ஒரு சொல். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, பறை, பூ, தொழில் எல்லாவற்றையும் அவற்றுக்குப் பின் கருப்பொருளாக வைத்தார். நம் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அமெரிக்கக் கால்பந்து கூதிர்ப் பொழுதின் ஆட்டம். புதிய கல்வியாண்டு தொடங்கி, பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரம் ஒன்று வந்து, இலை பழுத்து உதிர்ந்து, நன்றியறிதல் நாளையொட்டிய சனிக்கிழமையில் மிச்சிகனும் ஓஹையோ ஸ்டேட்டும் மோதும்வரை அதன் பறையும் பாட்டும் அந்தப் பொழுதிலிருந்தே முளைத்தவை. ஏப்ரலில் மாணவன் மனம் தேர்விலும் மே மாதப் பட்டமளிப்பிலும் இருக்கும். மார்ச் மாதத்தைக் கூடைப்பந்து ஆண்டுகொண்டிருக்கும். ஆயினும் இதை முதற் காரணமாக நான் வைக்கவில்லை. மரபுகள் இடம்பெயர்ந்து வாழக் கற்றுக்கொள்ளும். முழங்கால் கற்றுக்கொள்ளாது.

வடக்கில் பிப்ரவரியில் தரை உறைந்து கிடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. நார்த் டகோட்டாவில் கூரையிட்ட அரங்கு இருக்கிறது. மேடிசனிலும் ஆன் ஆர்பரிலும் இல்லை.

தொழில்முறை ஆட்டத்தில் வசந்தத்தை முயன்று பார்த்தவர்கள் பலர். 1983இல் யு.எஸ்.எஃப்.எல். என்ற லீக் வசந்தத்தில் தொடங்கியது. மூன்று பருவம் ஆடியது. பிறகு இலையுதிர் காலத்துக்கு மாறி என்.எஃப்.எல்.லோடு நேருக்கு நேர் மோதுவது என்று முடிவு செய்து, வழக்கும் தொடுத்தது. 1986இல் நடுவர் குழு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்து நட்ட ஈடாக ஒரு டாலர் வழங்கியது. சட்டப்படி அது மும்மடங்காகி மூன்று டாலர் ஆயிற்று. லீக் முடிந்தது. அதை இலையுதிர் காலத்துக்கு இழுத்தவர்களில் முதன்மையானவர் நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் அணியின் உரிமையாளர் டொனால்ட் டிரம்ப். 2020இல் குடியரசுத் தலைவராக இருந்து, பிக் டென் இலையுதிர் காலத்திலேயே ஆடவேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. பருவத்தைப் பற்றி மட்டும் அவர் முப்பத்தைந்து ஆண்டு மனம் மாறவில்லை. 2019இல் ஏ.ஏ.எஃப். என்ற வசந்த லீக் நடுப்பருவத்திலேயே மூடப்பட்டது. எக்ஸ்.எஃப்.எல். 2001இல் ஒரு பருவம் ஆடி மறைந்து, 2020இல் மீண்டும் பிறந்து, தொற்றால் நின்றது. அங்கே ஆடுகிறவர்கள் இலையுதிர் காலத்தில் இடம் கிடைக்காதவர்கள். ஆண்டுக்கு ஒரு பருவந்தான் ஆடுகிறார்கள். அந்த அளவுக்கு அது நேர்மையான ஏற்பாடு.

நிரந்தரமாகவே வசந்தத்துக்கு மாற்றிவிட்டால் என்ன, அப்போது இரட்டைப் பருவச் சிக்கல் ஒருமுறை மட்டுந்தானே என்று கேட்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு: வெயில். ஆகஸ்டு முகாம்களின் வெப்பத்தில் இளைஞர்கள் சுருண்டு விழுவதும் சில வேளைகளில் இறப்பதும் இந்த ஆட்டத்தின் மாறாத அவலம். ஜனவரியில் பயிற்சி தொடங்கினால் இது தவிரும் அல்லவா? ஆனால் 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 19 வயது வீரர் வெப்பத்தாக்கால் விழுந்தது மே 29ஆம் நாள் நடந்த பயிற்சியில். ஜூன் 13 அன்று இறந்தார். வசந்தப் பருவம் முடியவேண்டியதும் அதே மே மாதத்தில்தான். அந்த மரணத்தைக் குறித்த விசாரணை கண்டது உரிய நேரத்தில் உடலைக் குளிர்விக்காத குறையை. அதற்கு மருந்து பனிக்கட்டி நீர் நிரப்பிய தொட்டியும், ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரமுள்ள மருத்துவப் பணியாளரும். நாட்காட்டியைத் திருத்துவதைவிடத் தொட்டி வாங்குவது மலிவு.

பிக் டென் என்ன ஆயிற்று என்றால், ஆகஸ்டில் ஒத்திவைத்த அதே தலைவர்கள் செப்டம்பர் 16 அன்று ஒருமனதாக மனம் மாறினார்கள். நாள்தோறும் பரிசோதனை, தொற்றியவர் 21 நாளுக்கு ஆடக்கூடாது என்ற விதிகளோடு அக்டோபர் 23 அன்று ஆட்டம் தொடங்கியது. அதுவும் அழகான காட்சியாக இல்லை. ஆட்டங்கள் வாரந்தோறும் ரத்தாயின. இறுதிக்குத் தகுதிபெற ஆறு ஆட்டம் வேண்டும் என்று தாங்களே போட்ட விதியை, ஐந்தே ஆடியிருந்த ஓஹையோ ஸ்டேட்டுக்காக டிசம்பரில் தாங்களே நீக்கினார்கள். அந்த அணி தேசிய இறுதிவரை போய், 2021 ஜனவரி 11 அன்று அலபாமாவிடம் 52-24 என்று தோற்றது. ஆனால் ஒன்று: அந்த அணியின் இளைஞர்களுக்கு ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே எட்டு மாதம் கிடைத்தது. சவுத் டகோட்டாவின் இளைஞர்களுக்குக் கிடைத்தது 110 நாள். அதிலும் ஆகஸ்டு முகாமைக் கழித்தால் மூன்று மாதம் தேறாது.

இன்று யாரும் வசந்தப் பருவம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பருவமோ தானாகவே வசந்தத்தை நோக்கி நகர்கிறது. 2024இல் தேசியச் சாம்பியன் போட்டி 12 அணிகளுக்கு விரிந்தது. ஆகஸ்டு இறுதியில் தொடங்கிய அந்தப் பருவம் 2025 ஜனவரி 20 அன்று முடிந்தது. வென்ற ஓஹையோ ஸ்டேட் 16 ஆட்டங்கள் ஆடியது. முன்னோர் நவம்பர் இறுதியில் முடித்துக்கொண்ட ஆட்டம் இது. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதலாண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். வரவேற்கத்தக்க மாற்றந்தான். இனி இன்னும் இரண்டு ஆட்டம் கூட்டினால் என்ன, இன்னும் மூன்று வாரம் நீட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு, ‘அதற்குத்தான் ஊதியம் தருகிறோமே’ என்ற விடை கையில் இருக்கும். என்.எஃப்.எல். வீரர்கள் ஒற்றை ஆட்டத்துக்காகப் பேரம் பேசியதைப் போல் இவர்களும் பேச வழி இருக்கிறதா என்று பார்த்தால், அதற்கான சங்கம் இன்னும் பிறக்கவில்லை.